நான் திருத்திய கடிதமும் பி பிளாக் காளானும்

ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை எதிரெதிர் வரிசையாகப் போட்டு அசோசியேஷன் கூட்டம். அந்த நேரத்தில் சர்ச்சில் இருக்க வேண்டிய நான், மடியில் ஒரு பெரிய ஐஸ்கிரீம் டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூடியைச் சுற்றி நாலு சுற்று செலோடேப். அதற்கு மேல் ஓர் ஈரத்துண்டு. அப்படியும் எனக்கு இரண்டு பக்கமும் ஒருவரும் உட்காரவில்லை.

எதிர் வரிசையில் ஓர் அம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கடைசி நாற்காலியில் இருந்த ஜரினாவை முறைத்தார். ஜரினா பி பிளாக் தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவர். நாற்றம் என் மடியிலிருந்து கிளம்புகிறது, முறைப்பு இருபது அடி தள்ளிப் போய் அவர்மேல் விழுகிறது. ஜரினா தலையைக் குனிந்துகொண்டார்.

டப்பாவை அப்போதே திறந்துவிடக் கை பரபரத்தது. ஆனால் நிகழ்ச்சி நிரலில் என் விஷயம் மூன்றாவது. முப்பத்துநாலு வருடம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன் நிரலை மீறமாட்டான். அதுவரை நீங்களும் கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் போய்விட்டு வருகிறேன்.

காலி மனைகளின் ஜாதகம்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் கிறுக்கு தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து தினமும் காலையில் சேலையூர் ஏரிக்கரை வரை நடக்கிறேன். வழியில் எது துளிர்த்தது, எது காய்ந்தது, எது மாதம் தப்பிப் பூத்தது என்று ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைக்கிறேன். இதனால் யாருக்கும் பத்துப் பைசா பிரயோசனம் கிடையாது. என் மனைவி ஸ்டெல்லா இதை அடிக்கடி சொல்வாள். கணக்கு டீச்சர், தப்பாகச் சொல்லமாட்டாள்.

போன வாரம் வேப்பமரங்கள் நுனி கருகிப் போவதைப் பற்றி உருகி உருகி எழுதியிருந்தேன். ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார், கருகிய குச்சியில் பல் தேய்க்கலாமா என்று. தாராளமாகத் தேயுங்கள் ஐயா.

தாம்பரத்துக்குக் கிழக்கே, செடியைப் பார்த்தே ஒரு மனையின் ஜாதகத்தைச் சொல்லிவிடலாம். பார்த்தீனியம் மட்டும் முழங்கால் உயரத்துக்கு நின்றால் மனை விற்பனைக்கு. எருக்கும் ஆமணக்கும் ஆள் உயரம் வளர்ந்துவிட்டால் அண்ணனும் தம்பியும் கோர்ட்டில் இருக்கிறார்கள். ஆமணக்கின் மேல் கோவைக்கொடி ஏறி, பழம் பழுத்து, கிளியும் வந்துவிட்டதா? வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போய்விட்டது. ஒரு நாள் காலையில் எல்லாம் வழித்தெடுக்கப்பட்டு வெறும் மண் தெரிந்தால், சகோதரர்கள் சமாதானமாகி பில்டரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். அந்த மனையைப் பற்றி அதற்குமேல் என் நோட்டில் எழுத ஒன்றும் இருக்காது.

மாதங்களும் இப்போது சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சித்திரையில் பூக்க வேண்டிய சரக்கொன்றை ஒன்று கேம்ப் ரோடு பக்கம் ஐப்பசி மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு பூத்து நின்றது. ரோட்டோரத்து ஏழிலைப்பாலை மழைக்காலத்தில் தெருவையே அடைத்துக்கொண்டு மணக்கும். பாதிப் பேர் ஆஹா என்பார்கள். மீதிப் பேர் தலைவலி என்று மரத்தை வெட்டச் சொல்லி மனுப் போடுவார்கள். அந்த மனுக்களில் இரண்டை நான்தான் பிழை திருத்திக் கொடுத்தேன். மரத்தை ரசிப்பது வேறு, பிழையான தமிழைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது வேறு.

எங்கள் அசோசியேஷன் செயலாளர் முரளியை இங்கேயே அறிமுகப்படுத்திவிடுகிறேன். ஏதோ மென்பொருள் கம்பெனியில் மேனேஜர், சுறுசுறுப்பான ஆள். பக்கத்துக் காலி மனையில் பூளைச்செடி மண்டிக் கிடக்கிறது, பாம்பு வரும் என்று மார்கழியில் ஜேசிபி வைத்து வழித்துப் போட்டார். போகிக்கு முந்தின நாள் தாம்பரம் மார்க்கெட்டில் க்யூவில் நின்று, காப்புக் கட்ட அதே பூளைப்பூவைக் கட்டுக்கட்டாக வாங்கி வந்தார். அந்தக் கட்டு எந்த மனையில் பறித்தது என்று நான் கேட்கவில்லை.

மஞ்சள் வாந்தி

நான் எப்படி 'காளான் சார்' ஆனேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். இதற்கெல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலம். ஏ பிளாக் வாசலில் குரோட்டன்ஸ் தொட்டி ஓரம் மஞ்சளாக, நுரைநுரையாக ஏதோ கொட்டிக் கிடந்தது. முரளி வந்து பார்த்தார். காவலாளி குடித்துவிட்டு வாந்தி எடுத்திருக்கிறான் என்று அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். காவலாளி குன்றத்தூர் முருகன்மேல் சத்தியம் செய்தார், இப்போதெல்லாம் அதைத் தொடுவதே இல்லை என்று. இப்போதெல்லாம் என்ற அந்த ஒரு வார்த்தைதான் அவருக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது.

எனக்குக் கொஞ்சம் சந்தேகம். கழுவாமல் ஒரு நாள் விட்டுவைக்கச் சொன்னேன். மறுநாள் பார்த்தால் அந்த மஞ்சள் வஸ்து தொட்டிமேல் ஒரு சாண் ஏறியிருந்தது. வாந்தி மேலே ஏறாது. காளான் மாதிரி ஒரு சாதி, ஈரத்தில் மெல்ல ஊர்ந்து மக்கிய இலைகளைத் தின்னும், யாரையும் ஒன்றும் செய்யாது என்று விளக்கினேன். குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் கைதட்டல் பொம்மைகளாக வந்து விழுந்தன. காவலாளிக்கு வேலை தப்பியது. என் தலைக்குக் கனம் ஏறியது.

அன்றிலிருந்து அறுபது குடும்பமும் எனக்குப் போட்டோ அனுப்ப ஆரம்பித்தது. புல்லில் நாய்க்குடை, சின்டெக்ஸ் தொட்டியில் பாசி, முருங்கையில் ஒட்டிய ஏதோ ஒரு வெள்ளை. நான் பார்த்த மாத்திரத்தில் பதில் எழுதினேன். உத்தியோகத்தில் இருந்தவரை மூன்று மாதத்துக்குக் குறைந்து எந்த ஃபைலிலும் முடிவு சொல்லாதவன், ஓய்வு பெற்றபின் மூன்று நிமிடத்தில் முடிவு சொன்னேன்.

நாற்றம்

எங்கள் வளாகத்தில் ஒரு குல்மொஹர் மரம் இருந்தது. அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் வளர்ந்தபோதே உள்ளே உளுத்துவிட்டது என்று நோட்டில் எழுதினேன். நோட்டில் மட்டும்தான். ஒரு புயலில் மரம் சாய்ந்தது, நல்லவேளையாகக் காலி இடத்தில். முரளி மெஷின் வைத்து மரத்தைச் சில்லுச் சில்லாகச் சீவி, பி பிளாக் பின்புறம் செம்பருத்தி வரிசைக்கு அடியில் பரப்பினார். குப்பையே இல்லாத குடியிருப்பு என்று போட்டோவும் போட்டுக்கொண்டார்.

அடுத்த ஐப்பசியில் நாற்றம் வந்தது. சாதாரண நாற்றம் இல்லை. செத்த எலி, அதற்குப் பக்கத்தில் இன்னொரு செத்த எலி. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து மதியத்துக்குள் அடங்கிவிடும். அடங்கியபின், சாயங்காலம் எல்லாரும் ஆபீஸிலிருந்து வந்து டார்ச்சோடு தேடுவார்கள். ஒன்றும் அகப்படாது. செப்டிக் டேங்க்கை இரண்டு முறை திறந்து பார்த்தார்கள்.

பிறகு ஒரு நாள் குரூப்பில் ஒருவர் மெதுவாக ஆரம்பித்தார், சில வீடுகளில் மாமிசத்தை நாள்கணக்கில் வைத்திருக்கிறார்களோ என்று. உடனே ஆளாளுக்கு அதைப் பிடித்துக்கொண்டார்கள். யாரும் பெயர் எழுதவில்லை. சில வீடுகள், சில வீடுகள் என்றே எழுதினார்கள். எல்லாருக்கும் அது எந்த வீடு என்று தெரியும். பின்பக்கம் சமையலறை ஜன்னல் இருக்கிற ஜரினா வீடு. அவர் கணவர் பஷீர் பாய் பல்லாவரத்தில் தையல் மெஷின் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். குடிவந்து வருடம்கூட ஆகவில்லை.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் ஞாயிறு தவறாமல் மட்டன். வாரத்தில் ஒரு நாள் ஸ்டெல்லா நெத்திலிக் கருவாடு வறுப்பாள், அதன் வாசனை கேம்ப் ரோடு வரைக்கும் போகும். இத்தனை வருடத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. லிஃப்டில் பார்த்தால், உங்க வீட்டு மணம் கீழ வரைக்கும் வருது மேடம் என்று சிரிப்பார்கள். நாங்கள் சொந்த வீட்டுக்காரர்கள். எங்களுக்கு மணம், அவர்களுக்கு நாற்றம். வாடகை வீடு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தைரியம் இல்லை.

சிவப்புப் பேனா

ஒரு சாயங்காலம் முரளி ஒரு தாளோடு வந்தார். ஜரினா குடியிருக்கும் வீட்டின் ஓனர் துபாயில் இருக்கிறார், அவருக்கு அனுப்ப ஒரு கடிதம். சார், நீங்க கவர்மென்ட்ல இருந்தவங்க, கொஞ்சம் பார்த்துக் கொடுத்துடுங்க என்றார்.

வாங்கிப் பார்த்தேன். கொடுமை. எழுவாய் ஒரு பக்கம், பயனிலை ஒரு பக்கம். உங்க வீட்டில் ஸ்மெல் வருது, கொஞ்சம் கவனிக்கவும் என்கிற அளவில்தான் விஷயமே. அப்படியே அனுப்பியிருந்தால் ஓனர் படித்துவிட்டு மறந்திருப்பார்.

என் கையில் ஒரு வரைவு வந்தால் அது திருத்தாமல் திரும்பிப் போனதாகச் சரித்திரம் கிடையாது. கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூடப் பேனாவைத் தேடுகிறவன் நான். பொருள் போட்டேன், பார்வை போட்டேன். 'ஸ்மெல்' என்பதை அடித்துவிட்டு 'அழுகிய மாமிசத்தை ஒத்த, தாங்கவொணாத் துர்நாற்றம்' என்று எழுதினேன். 'கவனிக்கவும்' என்பதை 'தக்க நடவடிக்கை மேற்கொள்ளத் தவறின்' ஆக்கினேன். கை தானாக ஓடியது. யாரைப் பற்றி எழுதுகிறேன் என்பதே மறந்துபோனது.

முரளிக்குக் கடைசியில் ஒரு சந்தேகம். ஏதாவது செடி, பூ அந்த மாதிரி இருக்குமா சார் என்று கேட்டார். நியாயமான கேள்வி. எழுந்து ஐம்பதடி நடந்து பி பிளாக் பின்னால் போய்ப் பார்த்திருக்கலாம். அங்கே ஜெனரேட்டர் புகை, கொசு. நான் ஏரிக்கரையில் எட்டு வகை நாயுருவியைத் தேடுகிறவன், சொந்த வளாகத்தின் கொல்லைப்பக்கம் போவதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, வாய்ப்பே இல்லை என்றேன். சொன்னதோடு நிற்காமல் கடிதத்தில் ஒரு பத்தியும் சேர்த்தேன்: 'இவ்வளாகத்தின் தாவரங்களை நெடுங்காலமாகக் கவனித்துவரும் குடியிருப்பாளர் ஒருவரின் திட்டமான கருத்துப்படி, இத்துர்நாற்றம் தாவரம் சார்ந்தது அன்று.'

ஸ்டெல்லா பக்கத்தில் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிராமல் கேட்டாள்.

"பின்பக்கம் போய்ப் பார்த்தீங்களா?"

கொசு என்றேன். அவள் அடுத்த தாளை எடுத்துக்கொண்டாள்.

கடிதம் போன நாலாம் நாள் ஓனர் பதில் போட்டுவிட்டார். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். முரளி போன் செய்து, லெட்டர் செம ஸ்ட்ராங் சார் என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று இன்னொரு காபி கேட்டு வாங்கிக் குடித்தேன்.

மழை நாள்

அதற்கடுத்த புதன்கிழமை. இரண்டு நாளாக விடாத மழை, ஏரிக்கரைப் பாதையில் கணுக்கால் தண்ணீர். நடக்காமல் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும். குடையைப் பிடித்துக்கொண்டு வளாகத்துக்குள்ளேயே சுற்றினேன். மூன்றாவது சுற்றில், வேறு வழியில்லாமல், பி பிளாக் பின்னால் திரும்பினேன்.

முதலில் ஈக்கள். அந்த மழையிலும் ஒரு கூட்டம். செம்பருத்திக்கு அடியில், முரளியின் மரச்சில்லுகளுக்கு நடுவே மூன்று காளான்கள் நின்றன. அவற்றின் உருவத்தைக் குடும்பங்கள் படிக்கும் வார இதழில் வர்ணிக்க முடியாது. ஆசிரியர் நல்ல மனிதர், அவரைச் சங்கடத்தில் மாட்டிவிட மாட்டேன். ஆண்பிள்ளைகளுக்குப் புரியும், பெண்களுக்கு இன்னும் சீக்கிரம் புரியும். தலையில் பச்சையும் பழுப்புமாக ஒரு பிசின், ஈ மொய்ப்பது அங்கேதான். கழுத்திலிருந்து கீழே சர்ச்சில் கல்யாணப் பெண்ணுக்குப் போடும் நெட் மாதிரி வெள்ளை வலைப்பின்னல். அப்படி ஒரு அலங்காரம், அப்படி ஒரு நாற்றம்.

புத்தகத்தில் படித்திருக்கிறேன். விடியலில் முட்டை மாதிரி ஒன்று வெடித்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் நெட்டுக்குத்தலாக எழும். ஈக்களைக் கூப்பிடத்தான் அந்தப் பிண நாற்றம். மதியத்துக்குள் துவண்டு விழுந்துவிடும்.

நிமிர்ந்து பார்த்தேன். நேர் மேலே ஜரினா வீட்டுச் சமையலறை ஜன்னல். இறுகச் சாத்தி, இடுக்குகளில் பிரவுன் டேப் ஒட்டியிருந்தது. வெளி நாற்றம் உள்ளே வராமல் ஒட்டினார்களா, தங்கள் வீட்டு வாசனை வெளியே போகாமல் ஒட்டினார்களா, தெரியவில்லை. பாவி, என்ன காரியம் பண்ணினாய் என்று எனக்குள் நானே திட்டிக்கொண்டேன்.

அப்போது கூட்டுகிற கன்னியம்மா தலையில் பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்துக்கொண்டு வந்தார். மழையால் அன்று தாமதம். நான் குனிந்து எதைப் பார்க்கிறேன் என்று கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்.

"இது தெனிக்கும் கீது சார். ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. காலீல வந்தா ரெண்டு மூணு நின்னுகினு இருக்கும். தொடப்பத்தால அட்ச்சி அந்த மூலையில தள்ளிடுவேன்."

யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"இத்த எப்டி சார் ஒரு ஆம்பளகிட்ட போய்ச் சொல்றது? அந்தப் பாய் வூட்டு அக்காகூட ஒரு நாளு ஜன்னல்லேர்ந்து இன்னா நாத்தம்னு கேட்டுச்சு. ஒண்ணுமில்லக்கான்னு சொல்லிட்டேன்." துடைப்பத்தைக் கீழே தட்டிக்கொண்டார். "நீதான் செடி கொடியெல்லாம் எய்தினு போறியே சார். உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

ஒரு மாதமாக அறுபது வீட்டு மூக்கும் செப்டிக் டேங்க்கும் தேடிய விடை, தினமும் காலையில் துடைப்பத்தோடு வந்து போய்க்கொண்டிருந்தது. அவரை ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

ஆதாரம்

போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டேன். ஒரு நிமிடம்கூட இல்லை, முரளி அழித்துவிட்டார். போனிலும் கூப்பிட்டார்.

"சார், லேடீஸெல்லாம் இருக்காங்க. என்ன சார் இப்படி?"

காளான் என்றேன். எதுவாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நேரில் வைக்கச் சொல்லிவிட்டார். அரைமணி நேரத்துக்குள் நான் புத்தி பிசகிப்போய் ஏதோ அனுப்பிவிட்டேன் என்று சி பிளாக் வரை பேச்சு.

அன்றே ஜரினா வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாம். இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான். சொன்னால், அந்தக் கடிதத்தை எழுதியது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். கூட்டத்துக்கு அவசியம் வரும்படி மட்டும் சொல்லி அனுப்பினேன். எதற்கு என்று சொல்லவில்லை. அவர்கள் இன்னும் நாலு நாள் அந்த டேப் ஒட்டிய ஜன்னலுக்குப் பின்னால் இருந்தார்கள்.

இன்னொரு அசிங்கத்தையும் சொல்கிறேன். நடுவில் ஒரு கணம் எனக்குள் இருந்த குமாஸ்தா எழுந்து நின்றான். காளான் தாவரம் அல்லவே, தனி இனமாயிற்றே, அப்படியானால் நான் எழுதிய வரி சரிதானே என்று. இதை ஸ்டெல்லாவிடமும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் வாயை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் சில்லுகளைக் கிளறி, கோழிமுட்டை அளவில் மெத்தென்று இருந்த ஒரு காளான் முட்டையை மண்ணோடு எடுத்தேன். டப்பாவில் ஈரக் காகிதம் விரித்து, அதை நட்டு, பால்கனியில் வைத்தேன். முட்டை ஏமாற்றிவிட்டால் என் கதி அதோகதி என்று அடிக்கடி எட்டிப் பார்த்தேன். ஞாயிறு விடிகாலை உச்சியில் ஒரு கீறல் விழுந்தது. எட்டு மணிக்குள் முழுசாக நின்றுவிட்டது. ஸ்டெல்லா சர்ச்சுக்குக் கிளம்பி வாசலில் நின்றாள்.

"நான் மட்டும் போய்க்கிறேன். நீங்க அதோடயே இருங்க."

பொருள் எண் மூன்று

தண்ணீர் லாரி முடிந்தது, பார்க்கிங் பாதியில் தள்ளிவைக்கப்பட்டது. என் முறை வந்ததும் துண்டை எடுத்தேன், டேப்பைப் பிரித்தேன், மூடியைத் திறந்தேன். நாற்காலிகள் எல்லாம் ஒரே நேரத்தில் தரையில் கிறீச்சிட்டன.

இதுதான் ஒரு மாதமாக வருகிற நாற்றம் என்றேன். எங்கே முளைக்கிறது, எதைத் தின்று முளைக்கிறது என்று சொன்னேன். ஓனருக்குப் போன கடிதத்தை எழுதியவன் நான், அதில் சொன்ன அந்த நெடுங்காலக் குடியிருப்பாளரும் நான், போய்ப் பார்க்காமலே எழுதினேன் என்றும் சொல்லிவிட்டேன். ஜரினா இப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

எல்லாரையும் பி பிளாக் பின்னால் கூட்டிப் போனேன். ஞாயிறு கன்னியம்மாவுக்கு லீவு, நாலு காளான் ஜம்மென்று நின்றன. பெண்கள் சடாரென்று திரும்பிக்கொண்டார்கள். லேடீஸ் இருக்கிற குரூப் என்று என் போட்டோவை அழித்த முரளி, குனிந்து நாலு கோணத்தில் போட்டோ எடுத்தார். ஒரு பெரியவர் என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போய், இது உடம்புக்கு ஏதாவது பலன் தருமா என்று காதோடு விசாரித்தார்.

முரளி கைதட்டி எல்லாரையும் அமைதிப்படுத்தினார். ரூட் காஸ் கிடைச்சாச்சு என்று அறிவித்தார். மரச்சில்லுகளை அள்ளிவிட்டு பிளீச்சிங் பவுடர் போடுவதாக ஏகமனதாகத் தீர்மானம். அந்தச் சில்லுகளைப் பரப்பியது யார் என்று யாரும் கேட்கவில்லை. ஜரினாவை முறைத்த அம்மாள், நாங்க யாரையும் பேர் சொல்லிச் சொல்லலையே, பொதுவாத்தானே சொன்னோம் என்றார். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். பிறகு நாற்காலிகளுக்கு வந்து பார்க்கிங்கின் மீதிப் பாதியைத் தொடர்ந்தார்கள்.

கடிதத்தை வாபஸ் வாங்க வேண்டும் என்று நான் குறுக்கிட்டேன்.

"கண்டிப்பா சார்," என்றார் முரளி. "நீங்களே ஒரு டிராஃப்ட் போட்டுடுங்க."

திரும்பிப் பார்த்தேன். கடைசி நாற்காலி காலியாக இருந்தது.

அடுத்த வரைவு

அன்று மத்தியானம் முழுக்க எழுதினேன். முப்பத்துநாலு வருடத்தில் எத்தனையோ பேருக்கு விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறேன், ஒரே மூச்சில் வரும். தப்பு எங்களுடையது என்று ஒரு வரி எழுத எனக்கு ஏழு தாள் ஆனது. கடைசியில் நாலே வரி. பொருள், பார்வை எதுவும் போடவில்லை. இரவே ஓனர் பதில் அனுப்பினார், அவர்கள் தாராளமாக அங்கேயே இருக்கலாம் என்று.

மறுநாள் சாயங்காலம் அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு ஜரினா வீட்டுக்குப் போனேன். போகும்போது மனதின் ஓரத்தில் ஒரு நப்பாசை இருந்தது, நன்றி சொல்வார்கள் என்று. என்னை என்ன சொல்ல!

கூடத்தில் அட்டைப்பெட்டிகள் பாதி கட்டியிருந்தன. பஷீர் பாய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். செய்தியைச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பம்மல் பக்கம் ஒரு வீடு பார்த்துவிட்டோம் என்றார். அதுதான் ஓனரே இருக்கச் சொல்லிவிட்டாரே என்றேன்.

"இருக்கலாம் சார். ஆனா இவ இந்த வீட்ல இனிமே ஜன்னலத் திறந்து வெச்சு சமைக்க மாட்டா."

ஜரினா தரையில் உட்கார்ந்து பிள்ளைகளின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். டீ கொண்டு வந்து வைத்துவிட்டுத் திரும்ப அங்கேயே போய் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"ஒரு மாசமா எங்க வீட்ல கறியே எடுக்கல சார். முட்டகூட இல்ல. வெறும் பருப்பு, ரசம். அப்பவும் நாத்தம் வந்துச்சு. ஃபினாயில் ஊத்தி ஊத்திக் கழுவினேன், அப்பவும் வந்துச்சு. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, நம்ம மேலதான் வருதோன்னு. தெனமும் பசங்க யூனிஃபார்ம மோந்து பார்த்துட்டுத்தான் ஸ்கூலுக்கு அனுப்புனேன்."

டீ டம்ளரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அவர் ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்தார். காலரைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனார். ஒரு கணம் அப்படியே பிடித்திருந்துவிட்டு, மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. தான் அப்படிச் செய்வதே தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த சட்டையை எடுத்தார். அதையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் மடித்தார்.